டேப் விசைக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கருவி

கட்டளை வரிக் கருவிகளை எழுதி வெளியிடும் நண்பர்களுக்கு,

உங்கள் கருவியின் ரீட்மீ கோப்பில் "தானியங்கி நிரப்பலை அமைப்பது எப்படி" என்றொரு பகுதி இருக்குமானால், அந்தப் பகுதியே தேவைப்படாதபடி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பாஷ் என்றால் இந்த வரி, இசட்-ஷெல் என்றால் இந்த மூன்று வரிகள், ஃபிஷ் என்றால் இந்தக் கோப்பு, மேக் கணினி என்றால் முதலில் வேறொன்றை நிறுவிக்கொள்ளுங்கள் என்று நீளும் அந்தக் குறிப்புகளை நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அவை சொல்லாமல் சொல்வது ஒன்று உண்டு. டேப் அடித்தால் துணைக் கட்டளையும் தேர்வுகளும் வந்து நிற்பது கூடுதல் வசதி, வேண்டியவர் பாடுபட்டு அமைத்துக்கொள்ளட்டும் என்பதே அது. நான் அதை ஏற்கவில்லை. நிரப்பல் கருவியின் ஓர் உறுப்பு. உதவிப் பக்கமும் பிழைச் செய்தியும் எப்படிக் கருவியோடு வருகின்றனவோ, அப்படியே அதுவும் வந்து, நிறுவிய கணத்திலிருந்து வேலை செய்ய வேண்டும். எழுத வேண்டியவர் நீங்கள். உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியது பேக்கேஜ். பயனர் செய்ய வேண்டியது டேப் அடிப்பது மட்டும்.

இப்படிக் கேட்பது புதிதல்ல. ஒரு காலத்தில் இதுதான் நடைமுறையாகவே இருந்தது. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பிடிபி-10 கணினிக்கென உருவான டெனெக்ஸ் இயங்குதளத்தில், கட்டளையைப் பாதி அடித்து எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினி எழுதிவிடும். கேள்விக்குறி போட்டால் அந்த இடத்தில் என்னென்ன வரலாம் என்று பட்டியல் காட்டும். டெனெக்ஸின் வழிவந்த டாப்ஸ்-20ஐ 1976இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்டது. அதில் இந்த ஏற்பாடு இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டளையைப் படித்துப் பொருள் பிரிக்கும் வேலையை இயங்குதளமே ஓர் அழைப்பாகச் செய்து கொடுத்தது. எந்த நிரலாளர் தன் நிரலில் அந்த அழைப்பைப் பயன்படுத்தினாலும், நிரப்பலும் கேள்விக்குறி உதவியும் தனியாக ஒரு வரிகூட எழுதாமல் அவருக்குக் கிடைத்துவிடும். கோப்பை நகலெடுக்கும் கட்டளையை அடித்து எஸ்கேப்பை அழுத்தும்போது "இதிலிருந்து", "இதற்கு" என்று வழிகாட்டும் சொற்கள் அடைப்புக்குறிக்குள் தாமாக வந்து நின்றன. கட்டளையின் இலக்கணம் தெரிந்த நிரலும் விசையழுத்தத்தைக் கேட்கும் அமைப்பும் அங்கே ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன. வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சந்திப்பைத்தான்.

யூனிக்ஸ் அதைப் பிரித்துவிட்டது. யூனிக்ஸில் நீங்கள் என்டர் அடிக்கும்வரை உங்கள் கருவி பிறக்கவே இல்லை. ஷெல்தான் வரியைப் படிக்கிறது, சொற்களாகப் பிரிக்கிறது, பிறகு நிரலை எழுப்பி அந்தச் சொற்களின் பட்டியலைக் கையில் கொடுக்கிறது. டேப் விசை அழுத்தப்படும்போது அங்கே இருப்பது ஷெல் மட்டுமே. அதற்கு உங்கள் கருவியின் இலக்கணம் தெரியாது. இலக்கணம் தெரிந்த கருவிக்கோ விசை அழுத்தப்பட்டதே தெரியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1975இல் கென் கிரீர் டெனெக்ஸின் பழக்கத்தை யூனிக்ஸுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். அதிலிருந்து வந்த டிசி-ஷெல்லின் பெயரிலுள்ள டி என்ற எழுத்தே டெனெக்ஸின் நினைவாக நிற்பதுதான். அவர் முதலில் தொட்டது கோப்புப் பெயர்களை நிரப்புவதை. அது இயல்பானதே; கோப்புகள் எவையென்று ஷெல் தானே பார்த்துக்கொள்ளலாம், எந்தக் கருவியையும் கேட்க வேண்டியதில்லை. கருவிகளின் தேர்வுகளையும் துணைக் கட்டளைகளையும் நிரப்ப வேண்டுமானால் இரண்டு கரைக்கும் நடுவே யாராவது பாலம் போட்டாக வேண்டும். பாஷில் அதற்கான வழி 2000ஆம் ஆண்டு வெளிவந்த 2.04 பதிப்பில் திறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இசட்-ஷெல் தன் புதிய நிரப்பல் அமைப்பைக் கொண்டுவந்தது. 2005இல் பிறந்த ஃபிஷ், நிரப்பலைத் தன் அடிப்படைக் குணமாகவே வைத்துக்கொண்டது. பாலத்துக்கான பொருள்கள் கிடைத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. பாலத்தை யார் கட்டுவது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

முதலில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் தன்னார்வலர்கள். 2000இலேயே தொடங்கிய பாஷ்-கம்ப்ளீஷன் திட்டம் நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு நிரப்பல் ஸ்கிரிப்ட்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது. இசட்-ஷெல்லும் ஃபிஷ்ஷும் தத்தம் தொகுப்புகளோடு வருகின்றன. அவர்கள் செய்தது பெரிய சேவை. ஆனால் வெளியாள் எழுதும் நிரப்பலுக்கு ஒரு தீராத குறை உண்டு: கருவி நகர்ந்துகொண்டே இருக்கும், ஸ்கிரிப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். கர்ல் 1998இல் முதல்முறை வெளிவந்தபோது அதற்கு 24 தேர்வுகள் இருந்தன; இன்று 250க்கும் மேல். இந்த வளர்ச்சியை வெளியிலிருந்து கையால் துரத்திப் பிடிக்க எவராலும் முடியாது. ஆகவே கர்ல் திட்டத்தினர், கருவியின் சொந்தத் தேர்வுப் பட்டியலிலிருந்தே நிரப்பல் கோப்புகளை உண்டாக்கும் ஒரு சிறு நிரலைத் தங்கள் மூலத்தோடு வைத்திருக்கிறார்கள். கிட்டின் கதையும் இதையே சொல்கிறது. அதன் பாஷ் ஸ்கிரிப்ட் 2006 முதலே கிட்டின் மூலத்துக்குள் இருந்தது. இருந்தும், ஒவ்வொரு துணைக் கட்டளைக்கும் உரிய தேர்வுகள் ஸ்கிரிப்டுக்குள் கையால் எழுதப்பட்டிருந்ததால், புதுத் தேர்வு வந்தால் இரண்டு இடங்களில் திருத்த வேண்டும், ஓரிடத்தில் மறந்துபோகும். 2018இல் வந்த 2.17 பதிப்பில் அதற்கு வழி பிறந்தது. கிட்டின் துணைக் கட்டளைகளிடமே "உன் தேர்வுகளைச் சொல்" என்று கேட்கும் ஒரு மறைவுத் தேர்வைச் சேர்த்தார்கள். ஸ்கிரிப்ட் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தேர்வுகளைப் புரிந்துகொள்ளும் நிரல்பகுதி எதுவோ, அதுவே டேப்புக்கும் பதில் சொல்கிறது. பட்டியல் ஒன்றாகிவிட்டால் பிழைக்கு இடமில்லை. பாஷ்-கம்ப்ளீஷன் திட்டத்தினரே, புதிதாக ஸ்கிரிப்ட் கொண்டுவருவோரிடம், முடிந்தால் இதைக் கருவியை எழுதியவர்களிடமே கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள் என்றுதான் அறிவுறுத்துகிறார்கள். இத்தனை ஆண்டு பாலம் கட்டியவர்கள் சொல்வது இது.

எழுதியாயிற்று, கருவிக்குள்ளேயே இருக்கிறது என்கிறீர்களா? அப்போதும் பாதி வழிதான் வந்திருக்கிறோம். எழுதிய நிரப்பல் பயனரின் விரலுக்கு எட்டுவதற்குள் எத்தனை இடங்களில் தொலைந்துபோகிறது என்று பாருங்கள். கணினிக் கொத்துகளை நிர்வகிக்கும் கருவியான கியூப்சிடிஎல்லை எடுத்துக்கொள்வோம். அதன் அதிகாரபூர்வ ஆவணம் தெளிவானது, நேர்மையானது. அதன்படி, பாஷ் பயன்படுத்துபவர் முதலில் பாஷ்-கம்ப்ளீஷன் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் நிறுவ வேண்டும், பிறகு கருவி உமிழும் ஸ்கிரிப்டைத் தன் ஷெல் தொடக்கக் கோப்பில் ஏற்ற வேண்டும். கியூப்சிடிஎல் என்று முழுதாக அடிக்காமல் கே என்று சுருக்கிக்கொண்டவர் அந்தச் சுருக்கத்துக்கும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். மேக் கணினியில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆப்பிள் தரும் பாஷ், உரிமக் காரணங்களால் 2007 காலத்து 3.2 பதிப்பிலேயே நின்றுவிட்டது; பாஷ்-கம்ப்ளீஷனின் இன்றைய வரிசைக்கு அது போதாது. 2019இல் இயல்பான ஷெல் இசட்-ஷெல் ஆனதோடு வேறொரு வகைத் தடுமாற்றம் சேர்ந்தது. இசட்-ஷெல்லில் நிரப்பல் அமைப்பைத் தொடங்கும் கட்டளைக்கு முன்பே, கோப்புகளைத் தேடும் பாதையில் உங்கள் கோப்புறை சேர்ந்திருக்க வேண்டும். பின்னால் சேர்த்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, நிரப்பலும் வராது. வரிசை சரியாக இருந்தாலும், முன்பு சேமித்து வைத்த பட்டியல் கோப்பு ஒன்று பழைய நிலையைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். இந்த இடத்தில் பயனர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றே: "இந்தக் கருவியில் டேப் வேலை செய்யாது." நீங்கள் உழைத்து எழுதியது இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இதற்கு மாற்று சிக்கலானதல்ல, பல ஆண்டுகளாகத் தயாராக இருக்கிறது. மூன்று ஷெல்களும் நிரப்பல் கோப்புகளை வைப்பதற்கென்றே கோப்புறைகளை ஒதுக்கியிருக்கின்றன. அங்கே உங்கள் கருவியின் பெயரில் ஒரு கோப்பு கிடந்தால் போதும். 2012இல் வந்த பாஷ்-கம்ப்ளீஷன் 2.0 முதல், அந்தக் கோப்பு ஷெல் தொடங்கும்போது ஏற்றப்படுவதில்லை. பயனர் அந்தக் கருவியின் பெயரை அடித்து முதல்முறை டேப் அழுத்தும்போதுதான் ஏற்றப்படுகிறது. இசட்-ஷெல்லும் ஃபிஷ்ஷும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. டெபியனில் பேக்கேஜ் கட்டுவோருக்கு இந்தக் கோப்பை உரிய இடத்தில் வைக்கவே ஓர் உதவிக் கட்டளை உண்டு. ஹோம்ப்ரூவில், கருவியை ஓடவிட்டு அது தரும் ஸ்கிரிப்ட்களை மூன்று ஷெல்களுக்கும் எழுதி வைக்கும் வசதி செய்முறைக் கோப்பிலேயே ஒரே வரியில் முடிகிறது. எனவே வெளியீட்டுத் தொகுப்புக்குள் இந்தக் கோப்புகளை ஆயத்தமாக வைத்து அனுப்புங்கள்; பேக்கேஜ் செய்பவர் தேடி அலையக் கூடாது. இங்கே ஒரு கடினமான இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிப் வழியாகவோ, தனியொரு இயங்கு கோப்பாகவோ, பயனர் தன் வீட்டுக் கோப்புறைக்குள் மட்டும் நிறுவிக்கொள்ளும் கருவிகளுக்கு இது முழுமையாகப் பொருந்தாது. பாஷுக்கும் ஃபிஷ்ஷுக்கும் பயனரின் சொந்தக் கோப்புறை உண்டு. இசட்-ஷெல்லுக்கு இயல்பாகவே தேடப்படும் அப்படியோர் இடம் இல்லை. அந்த நிலையில் "நிரப்பலை நிறுவு" என்று ஒரு துணைக் கட்டளை கொடுத்து, எதைத் திருத்தப் போகிறோம் என்று காட்டி, சம்மதம் கேட்டுச் செய்வதே முறை. பயனரின் தொடக்கக் கோப்பில் கேட்காமல் கைவைப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். அது அவருடைய வீடு.

ஷெல் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடுமே, இதற்கு ஏன் இவ்வளவு நீளப் பேச்சு என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு டெர்மினல் திறக்கும்போதும் உங்கள் நிரலை ஒருமுறை ஓடவிட்டு, அது அச்சிடும் ஸ்கிரிப்டை வாங்கி ஏற்றுகிறது. பைத்தானிலோ நோடிலோ எழுதிய கருவி எழுந்து நிற்பதற்கே நேரம் பிடிக்கும். ஒரு கருவிக்குப் பத்தில் ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், பத்துக் கருவிகளின் ரீட்மீ சொன்னபடி செய்தவர் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு விநாடி காத்திருக்கிறார், அன்று அந்தக் கருவிகளில் ஒன்றைக்கூடத் தொடாவிட்டாலும். பைத்தானின் கிளிக் நூலகம் இதனாலேயே ஸ்கிரிப்டை ஒருமுறை கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும் வழியையும் தன் ஆவணத்தில் தருகிறது. தொடக்கக் கோப்பு நிரப்பலுக்கு உரிய இடமே அல்ல.

மூன்று ஷெல்லுக்கும் தனித்தனியாக எழுத எங்களுக்கு நேரமில்லை என்பது நியாயமான மறுப்பு. பலர் சம்பளமின்றி, இரவு நேரத்தில் இந்தக் கருவிகளைப் பராமரிக்கிறீர்கள். பாஷின் நிரப்பல் மொழியும் இசட்-ஷெல்லின் நிரப்பல் மொழியும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. இசட்-ஷெல்லின் கையேட்டில் அந்தப் பகுதியை முழுக்கப் படித்து முடிப்பதே பொறுமைக்குச் சோதனை. ஆனால் இன்று அந்தச் சுமையை நூலகங்கள் சுமக்கின்றன. கோ மொழியின் கோப்ரா நூலகம் 2020இல் வந்த 1.0 பதிப்பில், நிரப்பல் விடைகளைக் கோ மொழியிலேயே எழுதும் வழியைத் தந்தது. ஷெல் பக்கத்தில் இருப்பது ஒரு மெல்லிய ஸ்கிரிப்ட் மட்டும். டேப் அடித்ததும் அது இதுவரை அடித்த சொற்களோடு உங்கள் நிரலையே ஒரு மறைவுக் கட்டளையால் அழைக்கிறது. விடையை நிரல் சொல்கிறது. டெனெக்ஸ் காலத்துச் சந்திப்பு கிட்டத்தட்ட மீண்டும் நிகழ்கிறது. 2021இல் வந்த 1.2 பதிப்பு முதல், நீங்கள் கேட்காமலேயே "கம்ப்ளீஷன்" என்ற துணைக் கட்டளையை அந்த நூலகம் சேர்த்துவிடுகிறது. கியூப்சிடிஎல், ஹெல்ம், ஹியூகோ எல்லாம் இந்த நூலகத்தின் மேல் நிற்பவையே. ரஸ்டில் கிளாப் நூலகத்துக்குத் துணையான பொதி, கருவியைக் கட்டும்போதே எல்லா ஷெல்களுக்கும் கோப்புகளை எழுதித் தருகிறது. பைத்தானில் கிளிக்கும் ஆர்க்கம்ப்ளீட்டும் இருக்கின்றன. ஆக, தேர்வுகளை ஒரு நல்ல நூலகத்திடம் அறிவித்திருந்தால் வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது, இந்தத் தேர்வுக்குக் கோப்பு வேண்டும், அந்தத் தேர்வுக்கு இந்த மூன்று மதிப்புகளில் ஒன்று வேண்டும், இந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பெயர் வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லிவைப்பதுதான். அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அரைகுறையாகச் செய்வதைப் பற்றித்தான். தவறான நிரப்பல், நிரப்பல் இல்லாத நிலையைவிட மோசம். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் ஷெல் கோப்புப் பெயர்களையாவது நிரப்பியிருக்கும். கருவிக்கென ஒரு விதியைப் பாஷிடம் பதிவு செய்துவிட்டு, விடை கிடைக்காதபோது இயல்பான கோப்பு நிரப்பலுக்குத் திரும்பு என்று சொல்ல மறந்துவிட்டால், இருந்த வசதியும் போய்விடும். பாஷ் முக்காற்புள்ளியிலும் சமக்குறியிலும் சொல்லை உடைக்கும் பழக்கமுடையது. முக்காற்புள்ளி வைத்த பெயர்களைக் கையாளும் கருவிகளில் இதைக் கவனிக்காவிட்டால், முதல் பாதி இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு வரும். டேப் அடித்ததும் நிரல் ஓடுகிறதென்றால், அந்த ஓட்டத்தில் அது வேறெதுவும் செய்யக் கூடாது: புதிய பதிப்பு உண்டா என்று இணையத்தைக் கேட்கக் கூடாது, அமைப்புக் கோப்பை உருவாக்கக் கூடாது, கடவுச்சொல் கேட்டு நிற்கக் கூடாது, பிழைச் செய்தியை அச்சிட்டுப் பாதி அடித்த வரியைக் குலைக்கக் கூடாது. கணினிக் கொத்து ஒன்றில் ஓடும் பாட் எனும் செயல் அலகுகளின் பெயர்களைக் கியூப்சிடிஎல் நிரப்புவது சேவையகத்தைக் கேட்டுத்தான். அது அவசியமானதும்கூட, அந்தப் பெயர்களில் பலவற்றின் கடைசி ஐந்து எழுத்துகள் உயிரெழுத்தே இல்லாமல் குலுக்கிப் போட்டவை, மனித நினைவுக்காக உண்டானவை அல்ல. ஆனால் விடை வரும்வரை அந்த வரியில் பயனரால் அடுத்த எழுத்தை அடிக்க முடியாது. வலையைக் கேட்கும் நிரப்பலுக்குக் குறுகிய காலக்கெடு வையுங்கள். கெடு தாண்டினால் ஒன்றும் சொல்லாமல் விலகிக்கொள்ளட்டும்.

பாதுகாப்பைப் பற்றிய மறுப்பையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என்டர் அடித்தால்தான் எதுவும் நடக்கும் என்று நம்புகிறோம். டேப் அந்த நம்பிக்கைக்குள் புகுந்து நிரலை ஓடவிடுகிறது. யூடில்-லினக்ஸ் தொகுப்பில் 2018இல் வெளியான ஒரு பாதுகாப்புக் குறை இதற்கு எடுத்துக்காட்டு. வட்டுப் பகுதி ஒன்றை இணைத்திருக்கும் இடத்தின் பெயருக்குள் ஒருவர் ஷெல் கட்டளையை ஒளித்து வைத்துவிட்டால், வேறொருவர் ரூட் கணக்கில் அதைக் கழற்றும் கட்டளையை அடித்து டேப் அழுத்தும்போது, ஒளித்து வைத்தது ரூட் உரிமையோடு ஓடிவிடும். பாஷ் ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைத் தரவாகக் கருதாமல் கட்டளையாக விரித்ததே காரணம். 2.32 பதிப்பில் அது திருத்தப்பட்டது. மென்பொருளைத் தொகுத்துக் கட்டும் மேக் (make) நிரலுக்கான பாஷ் நிரப்பலும், இலக்குகளின் பட்டியலைப் பெற மேக் கோப்பையே மதிப்பிடுகிறது. அறிமுகமில்லாத மூலத்தைப் பதிவிறக்கி அங்கே டேப் அடிப்பது அந்தக் கோப்பிலுள்ள ஷெல் அழைப்புகளை ஓடவிடக்கூடும். ஆர்க்கம்ப்ளீட் இதை முன்கூட்டியே யோசித்து, கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளக் குறிப்பு உள்ள பைத்தான் நிரல்களை மட்டுமே அழைக்கிறது. இவற்றிலிருந்து நிரப்பலே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. நேர்மாறாக, இதைப் பயனர்கள் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிக்கொள்ளும் துண்டு ஸ்கிரிப்ட்களிடம் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. கருவியின் மூலத்துக்குள் இருந்தால் அதைப் பலர் படிப்பார்கள், சோதனைகள் எழுதுவார்கள், குறை கண்டால் அடுத்த பதிப்பில் திருத்தம் எல்லோரையும் சென்றடையும். யூடில்-லினக்ஸின் குறை அப்படித்தான் திருந்தியது. அந்த ஸ்கிரிப்ட் அவர்கள் மூலத்தில்தான் இருந்தது.

மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், டேப்பை நம்பினால் கற்றல் மங்கிவிடும் என்று சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நான் வேறுபடுகிறேன். டேப் எதையும் மறைப்பதில்லை; நிரப்பிய பிறகு திரையில் நிற்பது முழுக் கட்டளை, எழுத்துக்கு எழுத்து. அதைப் படிக்கலாம், குறித்து வைக்கலாம், ஸ்கிரிப்டில் ஒட்டலாம். நிரப்பல் இல்லாதபோதுதான் மக்கள் ஒற்றை எழுத்துத் தேர்வுகளிலும் குறுக்கல்களிலும் தஞ்சம் புகுகிறார்கள். குனூ கருவிகள் பல, குழப்பமில்லாதவரை நீளத் தேர்வைப் பாதி அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். அந்தக் குறுக்கலை ஸ்கிரிப்டில் எழுதிவைத்தவர், அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய தேர்வு ஒன்று வந்த நாளில் மாட்டிக்கொள்வார். டேப் முழுப் பெயரை எழுதித் தந்துவிடுவதால் குறுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் பக்கமும் உண்டு. தமிழ்வழியில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரும் ஒருவருக்குக் கருத்து புரிந்திருக்கும், வேண்டிய தேர்வு எதுவென்றும் தெரிந்திருக்கும். ரெகர்சிவ் என்பதற்கு எத்தனை எழுத்து, இக்னோர் என்பதில் ஜி எங்கே என்பதில்தான் கை நிற்கும். எழுத்துப்பிழைக்காக ஒருவர் தன் அறிவையே சந்தேகிக்கும்படி விடுவது நம் கருவிகளுக்கு அழகல்ல. முதல் மூன்று எழுத்துகள் தெரிந்தால் போதும் என்று அவருக்குச் சொல்வது டேப்தான். இசட்-ஷெல்லிலும் ஃபிஷ்ஷிலும் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் காட்டலாம். அதை மொழிபெயர்ப்புக்குத் திறந்து வைத்தால் கட்டளை ஆங்கிலத்திலும் விளக்கம் அவரவர் மொழியிலுமாக இருக்க முடியும். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளோடு சோதித்தும் பாருங்கள். "கணக்கு", "கணினி" என்ற இரண்டுக்கும் பொதுவான பகுதியாக ஷெல் "கண" என்று நிரப்பி நிற்கும். அடுத்து இகரக் குறியை மட்டும் தனியாக அடிப்பது சில விசைப்பலகை முறைகளில் எளிதல்ல, தனி "இ" எழுத்தே வந்து விழும். விடைகளை வரிசையாகக் காட்டி, டேப்பாலேயே தேர்ந்தெடுக்கவிடும் முறை தமிழ் எழுத்துக்கு உதவும் காரணம் இதுவே.

இனி இதெல்லாம் தேவையா, செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் கட்டளையை எழுதித் தந்துவிடுமே என்பது இன்றைய கேள்வி. முன்பு அடித்த கட்டளைகளிலிருந்து மங்கலான எழுத்தில் ஊகம் காட்டும் நீட்சிகளும் பரவலாகிவிட்டன. இரண்டும் பயனுள்ளவை, இரண்டையும் எதிர்க்கவில்லை. ஆனால் வரலாறு காட்டுவது நேற்று நீங்கள் அடித்ததை. மொழி மாதிரி காட்டுவது பலர் எப்போதோ எழுதியதிலிருந்து பெற்ற ஊகத்தை. இந்தக் கணினியில், இப்போது நிறுவியிருக்கும் பதிப்பில், இந்த இடத்தில் எந்தச் சொல் செல்லும் என்பதைத் திட்டமாகச் சொல்லக்கூடியது உங்கள் நிரல் ஒன்றுதான். அழிக்கும் கட்டளையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஊகம் போதாது. அதுமட்டுமல்ல, கருவி தன் இலக்கணத்தைத் தானே சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டால், அந்தப் புதிய உதவியாளர்களும் ஊகிப்பதை விட்டு அதையே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எதுவும் நிறுவாத ஒரு புதிய கணக்கில், பயனர் நிறுவும் அதே வழியில், அதே பேக்கேஜைக் கொண்டு உங்கள் கருவியை நிறுவுங்கள். ரீட்மீயைத் திறக்காதீர்கள், எந்தக் கோப்பிலும் எதையும் சேர்க்காதீர்கள். புதிதாக ஒரு டெர்மினலைத் திறந்து கருவியின் பெயரை அடித்து, இடைவெளி விட்டு, டேப்பை இரண்டு முறை அழுத்துங்கள். முதலில் பாஷில், பிறகு இசட்-ஷெல்லில், அதன்பின் ஃபிஷ்ஷில். அந்தக் கோப்புறையில் கிடக்கும் கோப்புகளின் பெயர்கள் மட்டும் திரையில் வந்தால், வெளியீட்டுக்கு முன் தீர்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். மற்றக் குறைகளுக்குக் கொடுக்கும் அதே எண்ணோடு, அதே கெடுவோடு.

அன்புடன்,
கட்டளை வரியில் நாளைக் கழிக்கும் பயனர்களில் ஒருவர்